வந்ததெல்லாம் கும்பகோணத்துச் சரக்கு

உலகம் அழிந்தபோதுகூடக் கும்பகோணத்துக்குச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது.

பிரளயம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பிரம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு மறுபடியும் கடை திறக்க வேண்டுமே! சிருஷ்டிக்கான விதைகளையும் அமுதத்தையும் ஒரு குடத்தில் போட்டார். மாவிலையும் வில்வமும் செருகி, தேங்காய் வைத்து, பூணூல் சுற்றி, உறியில் ஏற்றி மேருமலை உச்சியில் வைத்தார். வெள்ளம் மேருவுக்கெல்லாம் மரியாதை பார்க்கவில்லை. குடம் மிதந்து மிதந்து தெற்கே வந்து, காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் தட்டி நின்றது. சிவபெருமான் வேடனாக வந்து, ஓர் அம்பு விட்டு அதை உடைத்தார்.

வேறு ஊராக இருந்தால் குடம் உடைந்த இடத்தில் ஒரு கோயில் கட்டிக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கும். இங்கே அப்படியில்லை. குடத்துக்குக் கும்பேஸ்வரர் கோயில். அம்பு விட்ட இடத்துக்குப் பாணபுரீஸ்வரர் கோயில். தேங்காய் விழுந்த இடத்தில் அபிமுகேஸ்வரர், பூணூல் விழுந்த இடத்தில் கௌதமேஸ்வரர், உறி விழுந்த இடத்தில் சோமேஸ்வரர், வில்வம் விழுந்த இடத்தில் நாகேஸ்வரர். ஒரே குடம், ஆறு கோயில். இறக்கும்போது சிதறியதைக்கூடக் கூட்டி அள்ளிக் கணக்கில் ஏற்றிய சந்தை இது.

கும்பேஸ்வரர் லிங்கம் அமுதமும் மண்ணும் குழைத்துச் செய்தது என்பதால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகு சாத்துவதோடு சரி. இரண்டு ஆற்றுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு தண்ணீரே படாமல் காலம் தள்ளுகிறார். அவரைப் பார்க்கப் போகும் நீண்ட மண்டபத்தின் இரண்டு பக்கமும் கடைகள். பாத்திரம், குங்குமம், வளையல், பொம்மை எல்லாவற்றையும் விலை கேட்டு முடித்த பிறகுதான் சுவாமி. வரிசையில் யாருக்கு முன்னுரிமை என்பதில் ஊருக்கு எந்தக் காலத்திலும் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்ட வரை இந்த ஊரின் சரித்திரம் இவ்வளவுதான்: இங்கே பிறந்தது கொஞ்சம், வந்து சேர்ந்தது ஏராளம். வந்ததையெல்லாம் எடை போட்டு, தன் பெயரை ஒட்டி அனுப்புவது ஊரின் தொழில். நடுவில் ராஜாக்கள் வந்துபோனார்கள்.

ராஜாக்கள் விஷயத்தில்கூட ஊர் சாமர்த்தியமாகவே நடந்துகொண்டது. பிற்காலச் சோழர்கள் அரண்மனை கட்டியது கும்பகோணத்தில் அல்ல, பக்கத்தில் பழையாறையில். அரண்மனை என்றால் படை வரும், பகைவன் வருவான், தீ வைப்பான். அந்தத் தலைவலியெல்லாம் பழையாறைக்கு. அரண்மனை மண்ணோடு மண்ணாகி, இன்றைக்குச் சோழன் மாளிகை என்று ஒரு கிராமத்துக்குப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய அகநானூற்றில் சோழர்கள் தங்கள் செல்வத்தைக் குடந்தையில் காவலோடு வைத்திருந்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. அந்தக் குடந்தை இதல்ல, குடவாசல் என்று சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். இன்றைக்குக் குடந்தை என்றால் யாரும் குடவாசலுக்கு டிக்கெட் எடுப்பதில்லை.

சாரங்கபாணிப் பெருமாள் கதையையும் இந்த ஊர்க் கணக்கில்தான் படிக்க வேண்டும். திருமழிசையாழ்வார் காஞ்சிபுரத்தில் இருந்தபோது அவருடைய சீடர் கணிகண்ணனை ராஜா நாடு கடத்தினான். சீடர் கிளம்பினார். ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது பெருமாளிடம், நீயும் படுக்கையைச் சுருட்டிக்கொள் என்றார். காஞ்சிப் பெருமாள் மறுபேச்சில்லாமல் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டார். அதே ஆழ்வார் பிற்பாடு கும்பகோணம் வந்தார். படுத்திருந்த பெருமாளைப் பார்த்து, எழுந்து பேசக்கூடாதா என்று கேட்டார். கும்பகோணத்துப் பெருமாள் தலையைக் கொஞ்சம் தூக்கினார். ஆழ்வார் பதறிப்போய் போதும் என்றதும் அதே நிலையில் நின்றுவிட்டார். இன்றைக்கும் பாதி எழுந்த கோலம்தான். உத்தான சயனம் என்று அதற்கு மரியாதையான பெயர். கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் முதலாளி, வந்திருப்பவர் வாங்குகிறவரா, சும்மா விலை கேட்டுப் போகிறவரா என்று பார்க்கத் தலையைத் தூக்குவாரே, அந்தக் கோணம்.

நாதமுனிகள் கதை இன்னும் துல்லியம். காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் குடந்தைப் பெருமாளைப் பற்றிப் பத்துப் பாசுரம் பாடினார்கள். ஆயிரத்தில் இது பத்து என்று பாட்டுக்குள்ளேயே தகவல் இருந்தது. மீதி 990 எங்கே என்று கேட்டுக்கொண்டு நாதமுனிகள் கும்பகோணம் வந்து நின்றார். பெருமாள், திருக்குருகூர் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார். போனார், நம்மாழ்வாரிடமிருந்து ஆயிரம் கேட்டு திவ்வியப் பிரபந்தம் நாலாயிரமும் வாங்கி வந்தார். கும்பகோணத்தில் ஒரு கடைக்காரர், இங்கே இருப்பு இவ்வளவுதான், மீதிக்கு வேறு இடம் பாருங்கள் என்று உண்மையைச் சொன்னதாகப் பதிவான சம்பவம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கடைக்காரர் பகவானாக இருந்ததால் சாத்தியமாயிற்று.

ஆனால் இந்த ஊரின் ஆகப்பெரிய வியாபாரம் பாவம். வெளியூர்ப் பாவம்.

நாடெங்கும் ஜனங்கள் ஆற்றில் முழுகித் தங்கள் பாவத்தை ஆற்றிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆறு அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? கங்கை, யமுனை, சரஸ்வதி, நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை, சரயு, காவிரி என்று ஒன்பது பேரும் சிவனிடம் போய் அழுதார்கள். அவர் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பகோணம் போய் மகாமகக் குளத்தில் முழுகுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆக, ஆறுகளுக்கே சலவை. இதில் கவனிக்க வேண்டியது காவிரியின் நிலைமை. அவள் ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறவள். அவளும் மற்ற எட்டுப் பேரோடு வரிசையில் நின்று குளத்துக்குத்தான் வர வேண்டும். உள்ளூர்க்காரி என்று ஒரு சலுகை கிடையாது.

இந்தத் தொழிலுக்கு ஊர் ஒரு விளம்பரமும் வைத்திருக்கிறது. மற்ற ஊரில் செய்த பாவம் புண்ணியத் தலத்தில் தீருமாம். புண்ணியத் தலத்தில் செய்த பாவம் காசியில் தீருமாம். காசியில் செய்த பாவம் கும்பகோணத்தில் தீருமாம். சரி, கும்பகோணத்தில் செய்த பாவம்? கும்பகோணத்திலேயே தீரும். ஊர்க்காரர் எங்கேயும் பயணப்பட வேண்டாம். காலையில் கடையில் எடையைக் கொஞ்சம் முன்னே பின்னே நிறுத்தால் சாயங்காலம் குளத்தில் காலை நனைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். இதைச் சொல்லி வைத்த மகான் எந்தத் தெருக்காரர் என்று தெரிந்தால் அங்கே ஒரு சிலை வைக்கலாம்.

தராசுக்கும் அந்தக் குளத்துக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டு. தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர்தான் குளத்தைச் சுற்றிப் படித்துறையும் 16 மண்டபங்களும் கட்டியவர். எடைக்கு எடை தங்கம் வைக்கும் துலாபாரம் நடந்து, அந்தத் தங்கத்தில் கட்டியது என்பது ஊரின் நம்பிக்கை. ஒரு மண்டபத்தில் துலாபாரக் காட்சியைச் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். வேறு ஊரில் வீரன் யானையைக் குத்துவதைச் செதுக்குவார்கள். இங்கே நிறுவை.

இந்த ஊருக்குச் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. 1992 பிப்ரவரி 18 மகாமகத்தன்று, முதலமைச்சர் நீராட வந்த அந்த நேரத்தில், நெரிசலில் சுமார் 50 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் போய்விட்டார்கள். இந்த இரண்டையும் பற்றி ஊரில் யாரும் வேடிக்கை பேசிக் கேட்டதில்லை. நானும் பேசப்போவதில்லை.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது ஊர் அவர்களிடமும் ஒரு பெயர்ப்பலகை வாங்கிக்கொண்டது. 1854இல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து 1867இல் கல்லூரியானது, காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கல்லூரி. அதன் முதல்வர் போர்ட்டர் துரை கேம்பிரிட்ஜில் படித்தவர். அங்கே கேம் என்று ஓர் ஆறு, கரையில் கல்லூரி. இங்கே காவிரி என்று ஓர் ஆறு, கரையில் கல்லூரி. போதாதா? தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று ஒட்டியாயிற்று. நன்றிக்கடனாகத் துரையின் பெயரை டவுன் ஹாலுக்கு வைத்தார்கள்.

அந்தக் கல்லூரியில் 1880இல் தமிழ் வாத்தியாராக வந்து சேர்ந்தார் உ.வே. சாமிநாதையர். உத்தமதானபுரத்துக்காரர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், திருவாவடுதுறை மடத்திலிருந்து வந்தவர். இந்த ஊருக்கு அவரும் வரவுதான். அதே வருஷம் சேலம் இராமசாமி முதலியார் முன்சீபாக மாற்றலாகி வந்தார். சாமிநாதையர் மரியாதைக்குப் போய்ப் பார்த்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று மூச்சுப் பிடித்துப் பட்டியலை ஒப்பித்தார். முன்சீப் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். சிலப்பதிகாரம்? மணிமேகலை? சாமிநாதையர் அவற்றை ஏட்டிலும் கண்டதில்லை. முதலியார் கோர்ட்டுக்கு வெளியே செய்த இந்த விசாரணை தமிழுக்கு லாபமாக முடிந்தது. 1887இல் சாமிநாதையர் பதிப்பில் சிந்தாமணி அச்சேறியது. கேள்வி சேலத்திலிருந்து வந்தது, பதில் உத்தமதானபுரத்திலிருந்து வந்தது, ஏடுகள் எங்கெங்கிருந்தோ வந்தன. பெருமை எந்த ஊர்க் கணக்கில் ஏறியது என்று சொல்ல வேண்டியதில்லை.

சிந்தாமணி வெளிவந்த அதே 1887இல்தான் இராமானுஜன் பிறந்தார், ஈரோட்டில், அம்மா பிறந்த வீட்டில். வளர்ந்தது சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். டவுன் ஹைஸ்கூலில் பரிசு மேல் பரிசு வாங்கி, 1904இல் உதவித்தொகையோடு தென்னாட்டுக் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இங்கிலீஷ் கட்டுரையில் கோட்டை விட்டார், உதவித்தொகை போயிற்று, பையன் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டான். நகல் கேம்பிரிட்ஜில் தேறாத பிள்ளையை அசல் கேம்பிரிட்ஜ் கடிதம் போட்டுக் கூப்பிட்டு, 1918இல் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாக உட்கார வைத்தது. கும்பகோணம் இதில் வெட்கப்பட்டுப் போகவில்லை. அவர் குடியிருந்த ஓட்டு வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. மார்க் ஷீட்டை யாரும் மாட்டி வைக்கவில்லை.

கடைத்தெருவுக்கு வருவோம். கும்பகோணத்தில் என்ன வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் பட்டியல் நீளும். குத்துவிளக்கு: வார்ப்பது நாச்சியார்கோயிலில். ஐம்பொன் விக்கிரகம்: செய்வது சுவாமிமலையில். பட்டுப்புடவை: நெய்வது திருபுவனத்தில். சிற்பம் பார்க்க வேண்டுமா, இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில் தாராசுரத்தில். காய்கறி மொத்த வியாபாரமா, அதுவும் தாராசுரத்தில். வெற்றிலை மட்டும் காவிரிப் படுகையின் கொடிக்கால்களிலிருந்து இளங்கொழுந்தாக வருகிறது. 2025இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் வெற்றிலையோடு போடுகிற சீவலுக்குப் பாக்கு மலையாளத்திலிருந்தும் கன்னட தேசத்திலிருந்தும் வர வேண்டும். ஊரின் பங்கு அதைச் சன்னமாகச் சீவுவது. காற்றில் பறக்கிற மாதிரி சீவுவார்கள். ஒரு பாக்கை இவ்வளவு பேருக்கு விற்கலாம் என்று கண்டுபிடித்ததும் ஒரு வகைக் கணிதம்தான், இராமானுஜன் அதற்கு மட்டும் சூத்திரம் எழுதவில்லை.

நவக்கிரக யாத்திரை இந்தக் கலையின் உச்சம். சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம். ஒன்பதில் ஒன்றுகூடக் கும்பகோணத்தில் இல்லை. அறை எடுப்பது கும்பகோணத்தில், வேன் பிடிப்பது கும்பகோணத்தில், அரசாங்கச் சிறப்புப் பேருந்து கிளம்புவதும் கும்பகோணத்தில். சனி திருநள்ளாற்றில் உட்கார்ந்து நல்லெண்ணெய் வாங்கிக்கொள்கிறார், ராத்திரி சாப்பாட்டுக் காசு இங்கே வந்துவிடுகிறது.

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் என்று ஒன்று இருக்கிறது. திருச்சி, கரூர், புதுக்கோட்டை, காரைக்குடி வரை அதன் பேருந்துகள்தான். காரைக்குடியில் உள்ளூருக்குள் ஓடுகிற பேருந்திலும் பக்கவாட்டில் கும்பகோணம் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஏறி உட்கார்ந்து, கண்டக்டரிடம் கும்பகோணம் ஒண்ணு என்று கேட்ட பெரியவரைப் பார்த்திருக்கிறேன். இது கோட்டம்யா, போர்டைப் பாரு என்று கண்டக்டர் இறக்கிவிட்டார்.

சொந்தத் தயாரிப்பே இல்லையா என்றால் இரண்டு உண்டு. ஒன்று கொசு. சாக்கடையும் கொசுவும் யானைக்கால் நோயும் நெடுங்காலம் ஊருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தன. அந்த ஒன்றையாவது வேறு ஊரின் பெயரில் தள்ளிவிடப் பார்த்திருப்பார்கள், நடக்கவில்லை.

இன்னொன்று எழுத்தாளர்கள். ந. பிச்சமூர்த்தி 1900இல் இங்கே பிறந்தார், கு.ப. ராஜகோபாலன் 1902இல் இங்கே பிறந்தார், எம்.வி. வெங்கட்ராம் 1920இல் இங்கே பிறந்தார். வெளியூரிலிருந்து படிக்க வந்த தி. ஜானகிராமன், தெருத் தெருவாக ஊரை உள்ளே வைத்து மோகமுள் எழுதினார். ஒரு தலைமுறைத் தமிழ் உரைநடையில் பாதிக்கு இந்த ஊர் மண் ஒட்டியிருக்கிறது. ஜானகிராமனைத் தவிர மற்ற மூவரும் கலப்படமில்லாத உள்ளூர்ச் சரக்கு, பக்கத்து ஊர்க்காரர் உரிமை கோர முடியாத சரக்கு. பாக்கை இத்தனை சன்னமாகச் சீவி விற்ற ஊருக்கு இதை எப்படி விற்பது என்று மட்டும் தெரியவில்லை. வெங்கட்ராம் சரிகை வியாபாரம்கூடச் செய்து பார்த்தார். சரிகையும் ஏமாற்றியது, எழுத்தும் சோறு போடவில்லை. கு.ப.ரா. 42 வயதில் போய்ச் சேர்ந்தார். பிச்சமூர்த்தி வக்கீல் வேலையும் கோயில் நிர்வாக வேலையும் பார்த்தார். நவக்கிரகத்துக்கு வேன் இருக்கிறது. இவர்கள் வீடுகளைச் சுற்றிக் காட்ட ஒரு ஷேர் ஆட்டோகூடக் கிடையாது.

பெயரை ஒட்டியே பிழைத்த ஊருக்குத் தன் பெயரால் சங்கடமும் வந்தது. ஒருவன் ஏமாற்றிவிட்டால் கும்பகோணம் பண்ணிவிட்டான் என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் இதற்குப் பெரிதாகக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏமாந்தவன்கூட ஊர்ப் பெயரை மறக்கவில்லை பாருங்கள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. 1904இல் கும்பகோணம் பேங்க் லிமிடெட் என்று இங்கே ஒரு வங்கி ஆரம்பித்தார்கள். வேறு வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு அது கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்க் ஆயிற்று. 1987இல் முன்னால் இருந்த கும்பகோணத்தை மட்டும் கழற்றிவிட்டு சிட்டி யூனியன் பேங்க் என்று நின்றது. தலைமை அலுவலகம் இன்றைக்கும் இங்கேதான், நன்றாகவே நடக்கிறது. பெயரைக் கழற்றியதற்கும் மேலே சொன்ன வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் நானும் நம்புகிறேன்.

வங்கி கழற்றிப் போட்ட பெயரைக் காபிக்கடைக்காரர்கள் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் பித்தளை டபரா படம் போட்ட கும்பகோணம் டிகிரி காபி பலகை தென்படுகிறது. காபிக்கொட்டை குடகிலோ சிக்மகளூரிலோ விளைந்தது. பால் அந்தந்த ஊர்ப் பால், சில இடங்களில் அதுவும் பாக்கெட். போடுகிறவர் கும்பகோணத்தை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். சுவாமிமலைக்கும் திருபுவனத்துக்கும் நாச்சியார்கோயிலுக்கும் கும்பகோணம் காலகாலமாகச் செய்து வந்ததை, மொத்தத் தமிழ்நாடும் சேர்ந்து கும்பகோணத்துக்குத் திருப்பிச் செய்கிறது. காசும் வருவதில்லை, காபி மோசம் என்றால் திட்டு மட்டும் ஊருக்கு வருகிறது.

இப்போது ஊர் கேட்பது மாவட்டம். பழைய தஞ்சாவூர் ஜில்லாவைப் பிரித்து 1991இல் நாகப்பட்டினம் வாங்கிக்கொண்டது, 1997இல் திருவாரூர் வாங்கிக்கொண்டது, 2020இல் மயிலாடுதுறை வாங்கிக்கொண்டது. கும்பகோணத்துக்கு ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி வருகிறது, வெற்றிலை பாக்கோடு. நடுவில் 2021இல் மாநகராட்சி ஆக்கினார்கள், 2022இல் ஓர் ஆட்டோ ஓட்டுநர் முதல் மேயரானார். ஊருக்குள் எந்தச் சந்தில் எந்த நேரத்தில் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்த ஒருவர் மேயராக வருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாநகராட்சி என்றால் ஊருக்குள் அதிகாரம், அவ்வளவுதான். மாவட்டமானால்தான் திருபுவனமும் சுவாமிமலையும் நாச்சியார்கோயிலும் அரசிதழிலேயே கும்பகோணத்தின் கீழ் வரும். இத்தனை காலம் வாய்வார்த்தையில் நடந்த வியாபாரத்தைப் பத்திரம் பதிந்துகொள்ளலாம்.

கேட்கிற மாவட்டத்தில் திருவிடைமருதூர் தாலுகாவும் பாபநாசம் தாலுகாவும் சேர்த்தி. பாபநாசத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்பது புரிகிறது. பாவம் தீர்க்கிற தொழிலில், இத்தனை பக்கத்தில், பெயர்ப்பலகையிலேயே விளம்பரம் எழுதி வைத்திருக்கும் போட்டிக் கடை அது ஒன்றுதான் பாக்கி.